லீட்ஸில் இன்று வெயில்

மகள் வதனி தினமும் காலையில் லண்டனிலிருந்து தம்பிராசாவை அழைப்பாள். லீட்ஸ் நகரத்தில் இன்று மழையா வெயிலா என்று பார்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவர்களுக்குள் வேறு பேச்சு மிச்சமில்லை. அவர் லீட்ஸ் வீட்டை விட்டு, வடக்கே கிளாஸ்கோவில் ஓர் ஒற்றை அறைக்கு வந்து நான்கு மாதமாகிவிட்டது. சொன்னால் ஏனென்று கேட்பாள். கேட்காமலும் இருந்துவிடலாம், அதற்குத்தான் அதிகம் பயந்தார். அவள் சொன்னது பலிக்காத நாளெல்லாம் வானிலைக்காரர்களையே திட்டினார்.

இன்றும் வெயில் என்றாள். அவருடைய ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது.

“உவங்கட கதையை நம்பேலாது பிள்ளை. இஞ்ச ஊத்து ஊத்தெண்டு ஊத்துது.”

போனுக்குள் ஓர் அழைப்பு மணி அடித்தது. அவருடைய பழைய வீட்டு மணி.

“உங்கட வாசல்ல நல்ல வெயில், அப்பா,” என்றாள் வதனி. “கதவைத் திறவுங்கோ.”