சிவப்பு அடித்த படம்

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அனுஷியா தன் விரிவுரையாளர் தயாளினிக்குப் போன் எடுத்தாள்.

“மிஸ், நான் சல்லிக் கிராமத்து அனுஷியா. அப்பா பேத்தை மீன் சாப்பிட்டிட்டார். மூச்சுவிட ஏலாமல் மெஷின் போட்டிருக்கினம்.”

“ஐயோ! அந்த மீன்ர விஷத்தைப் பற்றிப் போன மாதம்தானே வகுப்பு ஒப்படைக்காக உம்மட ஊர்ச் சனத்துக்கு விளங்கப்படுத்தினீர்? வகுப்பிலயே உமக்குத்தான் கூடின புள்ளி. அப்பா வரேல்லையோ?”

“முன்வரிசையில இருந்தவர்.”

“அப்ப மறந்திட்டாரோ?”

“இல்லை மிஸ். நான் கீறின படத்தைக் குசினிச் சுவரில ஒட்டி வைச்சிருக்கிறார்.”

ஈரலுக்கும் முட்டைக்கும் சிவப்பு அடித்து, மற்ற இடமெல்லாம் வெள்ளையாக விட்ட படம். மிஸ் அதை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டியிருந்தார்.

“உம்மில பிழையில்லை, பிள்ளை. எவ்வளவு வடிவாச் சொன்னாலும் சனம் பழகின வாயை விடாது.”

“அப்பா நான் சொன்னபடிதான் செய்தவர், மிஸ். படத்தைப் பாத்து, சிவப்பெல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுபோட்டுத்தான் கறி வைச்சவர். சதையிலயும் விஷம் ஊறுமெண்டு நான் சொல்லேல்லை. சனத்துக்கு ஒரு விசயம் மனசில நிண்டால் காணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“நான் தலைப்புத்தானே தந்தனான், பிள்ளை.”

“நீங்கள் தந்த தலைப்பெண்டபடியால்தான் அதைப் பற்றிக் கதைச்சனான்.” என்றாள் அனுஷியா. “முந்தி எங்கட ஊரில ஒருத்தரும் பேத்தை தின்னுறேல்லை, மிஸ். வலையில வந்தால் கரையிலயே எறிஞ்சிடுவினம்.”