இருமுறை சேர்த்த குவாண்டம்

"இந்தப் பள்ளம் பொய்" என்றார் கத்தரி.

திரையில் அவள் வரைந்த கோடு சரிந்து, பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியது. நெருக்கியடித்த பிளாஸ்மாவுக்குள் ஓர் எலக்ட்ரான் மோதிச் சிதறாமல், எதிரே அணுவே இல்லாதது போல நழுவிப் போகும் இடம் அது. அந்தப் பள்ளத்தை நம்பித்தான் இந்த ஆய்வுக்கூட வேலைக்கே விண்ணப்பித்திருந்தாள்.

வேலைக்கான தேர்வுக் குழுவில் கத்தரிதான் பெரிய தலை. யார் கணக்கைக் கொண்டுவந்தாலும் நறுக்கிவிடுவதால் அந்தப் பட்டப்பெயர்.

"எலக்ட்ரான் உருண்டை இல்ல, அலை. சரி. அதுக்காக அணுவோட இழுவிசைய முதல்லயே மழுக்கிட்டீங்க. அப்புறம் அதையே கொண்டுபோய் அலைச் சமன்பாட்டுலயும் போட்டா? ரெண்டு பேர் தனித்தனியா உப்பு போட்ட சமையல்மா இது. குவாண்டத்த ரெண்டு தடவை சேர்த்திருக்கீங்க."

குழு சிரித்தது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஐயோ, அவர் சொன்னது சரி. எப்படி விட்டாள்? அந்த முறையை அவள் ஒரு தரம்கூட உரசிப் பார்க்கவில்லை. அது வந்த இடம் அப்படி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டுவிட்டாள்.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே கணவன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி நடந்துகொண்டிருந்தான். உள்ளே சிரிக்கிறார்களே, எல்லாம் நல்லபடி போகிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவனுக்குப் பிளாஸ்மாவும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

"எந்தப் புண்ணியவான் உங்களுக்கு இத சொல்லிக்கொடுத்தது?"

பதில் அடுத்த ஸ்லைடில் இருந்தது. ரிமோட் கையில் இருந்தது. அழுத்தினால் வேலை போகும். அழுத்தாவிட்டால் மானம் போகும்.

"என் தப்புதான் சார்."

சொன்ன பிறகுதான் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஒரு வேலைக்காக இவ்வளவு குழைய வேண்டுமா?

கத்தரிக்கு மனசு இளகிவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பரவாயில்லமா. என்னோட பழைய கட்டுரை ஒண்ணு இருக்கு, எடுத்துப் படிங்க. இத எப்படிச் செய்யணும்னு விவரமா எழுதியிருக்கேன்."

"படிச்சிருக்கேன் சார்."

"படிச்சுமா இப்படி?"

மறுபடி சிரிப்பு. வெளியே கட்டைவிரல் மறுபடி உயர்ந்தது.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அழுத்திவிட்டாள்.

திரையில் ஒரு பழைய வரைபடம் வந்தது. அதே சரிவு, அதே பள்ளம். அடியில் கட்டுரையின் தலைப்பு. அதற்கடியில் எழுதியவர் பெயர். கத்தரியின் முன்னால் மேஜைமேல் நிறுத்திவைத்திருந்த அட்டையிலும் அதே பெயர்தான் இருந்தது.

சிரித்தவர்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அவளுடைய அவமானம் அவளிடமே இருந்தது. அவருடையதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கத்தரி குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார். வெகுநேரம் தேடினார்.

கீழே எதுவும் விழுந்திருக்கவில்லை.