மெனுவைத் திறக்காதவர்

கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் அந்தத் தம்பதிக்குத் தினமும் அதே மேஜை, பரிமாற அதே பெண். அவளைக் கண்டாலே கணவர் முகத்தில் பல்பு எரிந்தது.

“காளான் சூப், வெண்ணெயில வாட்டின மீன், கடைசியா சாக்லெட் கேக்,” என்றார், மெனுவைத் திறக்காமலேயே.

“மெனு தினம் மாறுது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?” என்றாள் மனைவி.

“ஒரு யூகம்தான்.”

“மத்தியானம் நான் தூங்கினதும் எங்கே போனீங்க?”

“காத்து வாங்க.”

“கப்பல் முழுக்கக் காத்து. அதுக்கு இந்தக் கூடத்துக்குத்தான் வரணுமா? பார்த்தேன்.”

அவர் கைகழுவ எழுந்து போனார். அவள் அந்தப் பெண்ணை மடக்கினாள்.

“அவருக்கு உங்கிட்ட அப்படி என்னம்மா பேச்சு?”

பெண் தயங்கினாள். “மத்தியானமே வந்து, ராத்திரி மெனுவை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்குவார், மேடம். கண் மங்கிட்டே வருதாம். ஊர் திரும்புற வரைக்கும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னார்.”

இதற்கு இன்னொரு பெண் விவகாரமாகவே இருந்திருக்கலாம் என்று மனைவிக்குத் தோன்றியது.

அவர் திரும்பி வந்து, நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

“வேற என்னதான் இருக்குன்னு பார்ப்போம்,” என்று அவள் மெனுவைப் பிரித்து, தனக்கே படித்துக்கொள்வதுபோல, முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.