மருந்து வாடை

"நீங்க பூச்சி மருந்து அடிச்சது தெரிஞ்சா, இயற்கை விவசாயச் சான்றிதழ் போயிடும்மா. திரும்ப வாங்க மூணு வருஷம் ஆகும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

ஆய்வாளர் கறாராகத்தான் சொன்னார். ஆனால் மனசு அடித்துக்கொண்டது. இந்த அம்மாவின் கடையில் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கே ருசி வந்தது. கீரையைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட மகள், இப்போது தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்கிறாள். அவருடைய பல வருஷத்து வயிற்றெரிச்சலும் போன இடம் தெரியவில்லை. சக ஊழியர்கள் மேல் இருப்பது வேறு கணக்கு.

அப்படிப்பட்ட தோட்டத்தின் மேல் எவனோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தான். மருந்து வாடை அடிக்கிறது, உடனே வந்து பாருங்கள் என்று இரண்டே வரி. போதாக்குறைக்கு இந்த அம்மா பத்து நாளாகக் கடையே திறக்கவில்லை. பயந்துபோய்த்தான் மூடிவிட்டாரோ என்று ஆய்வாளருக்கும் உள்ளுக்குள் உறுத்தல்.

தோட்டக்காரம்மாவோ கொஞ்சமும் பதறவில்லை. வேலியோர வரிசையில் முதலில் கீரை பறிக்கச் சொன்னார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று பத்து வரிசைக்கும் கூடவே நடந்தார். நாலைந்து போதும் என்று ஆய்வாளர் சொல்லியும் விடவில்லை.

ஆய்வாளர் இலைகளைக் கசக்கிச் சாறெடுத்து, சோதனை அட்டைகளில் சொட்டுவிட்டார். அட்டை நீலமானால் சுத்தம். வெள்ளையாகவே நின்றால் மருந்து.

கால் மணி நேரம் போவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. எட்டு அட்டை நீலமாகிவிட்டது. வேலியோரத்து இரண்டு மட்டும் வெள்ளையாகவே நின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வயல். தன் தோட்டத்துக்கு மருந்தடிப்பவர் ஓரத்து இரண்டு வரிசைக்கு மட்டுமா அடிப்பார்? காற்றில் வந்து படிந்ததுதான். அந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டால் போதும், சான்றிதழுக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியாகச் சொன்னார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. மற்றதை நாளைக்கே, தன்னிடம் வாடிக்கையாகக் கீரை வாங்கும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு அனுப்பலாமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். இரண்டு வரிசை வீணாய்ப் போனதற்கு ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

ஆய்வாளருக்கு மனசு ஆறவில்லை. "உங்க மேல மொட்டைக் கடுதாசி போட்ட பாவி மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"நான்தான் சார் போட்டேன்" என்றார் அந்த அம்மா சங்கடத்தோடு. "பக்கத்து வயல்ல தெளிச்ச வாடை இங்கயும் வந்துச்சு. எதுவரைக்கும் பட்டிருக்குன்னு தெரியாம எப்படி விக்கிறது? வந்து பாருங்கன்னு உங்க ஆபீசுக்கு என் பேர் போட்டு ரெண்டு தடவை எழுதினேன், ஒருத்தரும் வரல. பேர் போடாம எழுதினேன், மறுநாளே நீங்க வந்துட்டீங்க."