இறங்காத கை

வாஷிங்டனில் விசாரணைக் குழுவின் முன்னால் வலது கையைத் தூக்கி, உண்மையே பேசுவதாகச் சத்தியம் செய்த முன்னாள் அமைச்சர் ஹாலோவேக்கு, உட்கார்ந்த பிறகும் கை இறங்கவில்லை. அவருடைய வழக்கறிஞர் மார்த்தா இழுத்துப் பார்த்தார். அது கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

அணை உடையுமென்று முன்பே யாராவது எச்சரித்தார்களா என்று கேட்டார் குழுத் தலைவர்.

“நினைவில்லை.” தோள் நடுங்கியது. “அது என் துறையே இல்லை.” விரல்கள் வெளுத்தன. தன் நாட்டுப்பற்று, தாத்தாவின் ராணுவ சேவை, அம்மா சுட்டுத்தந்த கேக் என்று கண்கலங்கப் பேசிப் பார்த்தார். கை அசையவே இல்லை. பின்வரிசையில், வெள்ளத்தில் வீட்டையும் கணவரையும் இழந்த லோரெய்ன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஹாலோவே வலி தாங்காமல் கத்தினார். “இன்ஜினியருங்க வந்து சொன்னாங்கய்யா! நான்தான் விரட்டி விட்டேன்!”

கை மேஜையில் பொத்தென்று விழுந்தது. “அப்பாடா!” என்றார். லோரெய்னுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

“என்ன சார், இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்க?” என்று பல்லைக் கடித்தார் மார்த்தா.

“நீ தூக்கி வெச்சிருந்து பாரும்மா, தெரியும்.”

“விரட்டச் சொன்னது யார்?” தலைவர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

ஹாலோவே தோளை நீவிக்கொண்டே அவரை ஆசையாகப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் வலி பாக்கியிருக்கு. அதையும் சொல்லிடட்டுமா சார்?”

விசாரணையை ஒத்திவைக்கத் தலைவர் அவசரமாகச் சுத்தியலைத் தேடினார். “சாப்பாட்டு நேரமாச்சு, எல்லாருக்கும் பசிக்கும்.”

“எங்களுக்குப் பசிக்கல” என்றாள் லோரெய்ன்.