குண்டனுக்கு இறங்கிய பிரஷர்

“இறங்கிடுச்சு! குண்டனுக்கு பிரஷர் இறங்கிடுச்சு!”

பேராசிரியர் போட்ட சத்தத்தில், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த இயக்குநர் அம்மாள் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். யாரோ சொந்தக்காரர் பிழைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நல்ல வார்த்தை சொல்ல ஆய்வகத்துக்குள் நுழைந்தவருக்கு ஒரு வெள்ளை எலியைக் காட்டினார்கள். குண்டன் மரத்தூளில் தலையைப் புதைத்துக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

ரத்த அழுத்தத்துக்கு மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று பேராசிரியர் இதுவரை மூன்று மருந்துகளுக்குக் காரியம் செய்து முடித்திருந்தார். நான்காவதும் காலை வாரினால் ஆய்வகத்தைப் பூட்டிவிடுவதாக மேலிடத்தில் முடிவு. பூட்டினால் அவருக்குப் பாடம் எடுக்க முதலாண்டு மாணவர்களாவது கிடைப்பார்கள். அவருடைய உதவியாளப் பெண்ணுக்கு அதுவும் கிடைக்காது.

“இந்த மருந்து என்னதான் பண்ணுது?” என்றார் இயக்குநர்.

“ரொம்ப சிம்பிள் மேடம்! இதய செல் மேல ரிசப்டர்னு ஒண்ணு இருக்கு. அட்ரினலின் வந்து அதுல உட்கார்ந்தா இதயம் தறிகெட்டு ஓடும். என் மருந்து முன்னாடியே போய், பஸ் சீட்டுல துண்டு போடுற மாதிரி இடம் பிடிச்சுடும். அட்ரினலின் வரும், பார்க்கும், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இறங்கிப் போயிடும்!”

சொல்லிக்கொண்டே மேசையில் ஓங்கித் தட்டினார். கூண்டுகள் எல்லாம் ஒருமுறை துள்ளி அடங்கின.

“சார், ஒரு விஷயம்...” என்றாள் உதவியாளப் பெண்.

“நடுவுல பேசாதம்மா!”

“போன மாசம் வரைக்கும் ஒண்ணும் அசையலைன்னு சொன்னாங்களே?” என்றார் இயக்குநர்.

“ஆமா மேடம். இந்தப் பொண்ணு எலி வால்ல பட்டை கட்டி பிரஷர் அளக்கும்போதெல்லாம் நானும் தலைமாட்டுலயே நின்னு ‘இறங்கு, இறங்கு’ன்னு கத்திப் பார்த்தேன். ம்ஹூம்! சரின்னு ரெண்டு வாரம் மாநாட்டுக்குப் போனேன். நேத்து ராத்திரி திரும்பினேன். இன்னைக்கு வந்து கணக்கைப் பார்த்தா, இறங்கியிருக்கு! மருந்து ஊற டைம் வேணும்ல?”

சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார்.

“நல்ல விஷயம்தாங்க,” என்றது மனைவியின் குரல். “எனக்கும் கொஞ்ச நாளா தலைவலியே இல்லாம இருந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் லேசா ஆரம்பிச்சிருக்கு.”

“கவலைப்படாத! அடுத்த மருந்து தலைவலிக்குத்தான்!”

இயக்குநர் மனம்விட்டுச் சிரித்தார். “அப்ப பூட்டு வேண்டாம். இன்னும் மூணு வருஷம் நீட்டிச்சுடலாம். இப்பவே மேல சொல்லிடுறேன்” என்று தன் போனை எடுத்தார்.

உதவியாளப் பெண் கோடியில் இருந்த கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் மூன்று வருடம் வேலை நிச்சயம். வாயைத் திறந்தால் நாளைக்கே வேறு வேலை தேட வேண்டும். அவளுக்கு நாக்குதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“சார்... அந்தக் கோடிக் கூண்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க.”

“அதுல என்ன இருக்கு? ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு வெறும் தண்ணி குடுத்து வெச்ச எலிங்கதானே?”

“அதுங்களுக்கும் இறங்கியிருக்கு சார். குண்டனுக்கு எவ்வளவோ, அதே அளவு.”

இயக்குநர் போனைக் காதிலிருந்து எடுத்தார். பேராசிரியர் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது.

“அப்ப... மருந்து வேலை செய்யலையா?”

“இல்ல சார்.”

“பின்ன மருந்து குடிச்சது, தண்ணி குடிச்சது எல்லாத்துக்கும் எதனாலம்மா இறங்குச்சு?”

அவள் தரையைப் பார்த்தாள். இயக்குநரைப் பார்த்தாள். பிறகு, பாவம் மனிதர் என்று நினைத்தாளோ என்னவோ, ரொம்ப மென்மையாகச் சொன்னாள்:

“நீங்கதான் ரெண்டு வாரமா ஊர்லயே இல்லையே சார்!”