இது ஒத்திகை அல்ல

விமான நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் மாசாணம், குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து நிமிர்ந்தார். ஒலிபெருக்கி அலறியது: "குடிநீரில் விஷம். இது ஒத்திகை அல்ல."

மாசாமாசம் ஒத்திகை நாளிலும் அந்த எந்திரம் இதையேதான் சொல்லும். ஒத்திகை என்று சொல்லிவிட்டால் எவன் ஓடுவான்?

மாசாணம் தன் மேற்பார்வையாளர் அற்புதத்திடம் ஓடினார். "எம்மா, இது நெசமா பொய்யா?"

"எனக்கும் சொல்லமாட்டாங்க அண்ணாச்சி. தெரிஞ்சா நான் பதறமாட்டேனாம்."

"நான் குடிச்சுத் தொலைச்சிட்டேனே!"

சுவர்த்திரையில் எழுத்து ஓடியது: 'மாசாணம், பதற்றம் நூற்றுக்கு நூறு.'

"மார்க் போடுது. அப்ப ஒத்திகைதான?"

"போன வருசம் நெசமாவே நாலு பேர் சுருண்டு விழுந்தப்பவும் போட்டுச்சே."

மாசாணம் வயிற்றைத் தடவிப் பார்த்தார். வலிக்கிற மாதிரியும் இருந்தது, வலிக்காத மாதிரியும் இருந்தது.

"நீ எதுவும் குடிக்கலையே தாயி?"

அற்புதம் மேசையிலிருந்த தன் டீ டம்ளரைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.